கேம் பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு

பத்தாவது படிக்கிற பையன் ஒருவன் அப்பாவோடு என் சர்வீஸ் கடைக்கு வந்தான். கையில் ஒரு பிஎஸ்4, அதாவது டிவியில் இணைத்து ஆடும் சோனி பிளேஸ்டேஷன் 4 கன்சோல். "வைஃபை போயிடுச்சுண்ணா. ஃப்ரெண்டோட ஆன்லைன்ல சேரவே முடியல" என்றான். கடை நெட்டில் இணைத்துப் பார்த்தேன். ஸ்டோர் திறந்தது, அப்டேட் இறங்கியது, முகம் தெரியாத யாருடனோ அவன் ஒரு கால்பந்து மேட்ச்சே ஆடி முடித்தான். வைஃபையில் ஒரு குறையும் இல்லை. "உன் ஃப்ரெண்ட்கிட்ட என்ன கன்சோல்?" என்று கேட்டேன். "பிஎஸ்5ண்ணா. ஆனா அதே கேம்தான்."

அதே கேம் இல்லை. சிக்கல் அங்கேதான்.

ஃபிஃபா 23 என்ற கால்பந்து கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்களின் அசைவுக்காக அதில் வந்த ஹைப்பர்மோஷன் 2 என்ற தொழில்நுட்பம் பிஎஸ்5-இல் உண்டு, பிஎஸ்4-இல் கிடையாது. ஆன்லைனில் பிஎஸ்4-காரர் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருப்பவரோடு ஆட முடிந்தது. ஆனால் பிஎஸ்5 பதிப்பை ஆடியவரோடு சேர முடியவில்லை. அதே கேம் நின்டென்டோ ஸ்விட்ச்சில் 'லெகஸி எடிஷன்' என்று வந்தது. அதில் புதிதாக இருந்தது பெரும்பாலும் ஜெர்சியும் அணிப் பட்டியலும்தான்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1993-இல் அலாவுதீன் படத்தை வைத்து இரண்டு கேம்கள் வந்தன. அன்றைய கன்சோல்களில் சேகா மெகா டிரைவுக்கு வர்ஜின் நிறுவனம் செய்தது ஒன்று, சூப்பர் நின்டென்டோவுக்கு கேப்காம் நிறுவனம் செய்தது இன்னொன்று. முதலாவதில் அலாவுதீன் கையில் வாள் இருக்கும். இரண்டாவதில் வாளே இல்லை, எதிரியின் தலைமேல் குதித்துத் தாண்ட வேண்டும். நிலைகள் முதற்கொண்டு எல்லாமே வேறு. செய்தவர்களும் வேறு, பெட்டிக்குள் இருந்த சிப்பும் வேறு. சேகாவின் பிராசசர் வேகமானது, ஆனால் திரையில் ஒரே சமயத்தில் அறுபத்துச் சொச்சம் நிறங்கள்தான் காட்டும். நின்டென்டோ வேகத்தில் பின்தங்கினாலும் 256 நிறங்கள் வரை காட்டும். இன்றைக்கும் எது நல்ல அலாவுதீன் என்று சண்டை நடக்கிறது. என் ஓட்டு சேகாவுக்கு.

அதே வருடம் மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை கேம் வீட்டுக் கன்சோல்களுக்கு வந்தது. சூப்பர் நின்டென்டோவில் ரத்தத்துக்குப் பதில் சாம்பல் நிற வியர்வை தெறித்தது. சேகாவில் பட்டன்களை ஒரு வரிசையில் அழுத்தினால் முழு ரத்தமும் வந்துவிடும். விஷயம் அமெரிக்க செனட் விசாரணை வரை போனது. 1994-இல் அங்கே வயது ரேட்டிங் முறை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோர்களே, கேம் அட்டையின் மூலையில் இருக்கும் அந்தச் சின்ன வயதுக் குறியைத் தயவுசெய்து பாருங்கள்.

நம் ஊரில் 90-களில் டிவி கேம் ஆடியவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். '9999 இன் 1' கேசட்டைப் போட்டால் பெயர்தான் பக்கம் பக்கமாக ஓடும். உள்ளே இருப்பது சில கேம்கள்தான், கொஞ்சம் மாற்றித் திரும்பத் திரும்ப வரும். அங்கே பெயர் வேறு, கேம் ஒன்று.

2013-இல் பிஎஸ்4-உம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் வந்தபோது இரண்டிலும் இருந்தது ஏஎம்டி நிறுவனத்தின் ஒரே வகைச் சிப். அதிலிருந்து பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் கேம் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிகிறது. என்னைக் கேட்டால், வாங்குகிறவர் ஏமாறுவது இப்போதுதான் அதிகம். அன்றைக்குத் திரையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது. இன்றைக்கு டிரெய்லரைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். அந்த டிரெய்லர் எந்த மெஷினில் எடுத்தது என்று யார் கேட்கிறோம்? 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேம் பழைய பிஎஸ்4-இல் திணறித் திணறி ஓடியது. சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்தே எடுத்தது, திரும்ப வந்தது 2021 ஜூனில். 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3-ஐ எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸில் இரண்டு பேர் திரையைப் பிரித்து ஆடலாம். விலை குறைந்த சீரீஸ் எஸ்ஸில் அந்த வசதி இல்லாமல்தான் வெளியிட்டார்கள்.

அப்புறம், டிஸ்க்கும் கார்டும் கையில் இருந்தால் கேம் உள்ளே இருக்கிறது என்று நம்பாதீர்கள். ஸ்விட்ச் 2-வில் 'கேம் கீ கார்டு' என்று ஒன்று வருகிறது. அது வெறும் சாவி. கேமை நெட்டில்தான் இறக்க வேண்டும். ஆனாலும் ஆடும்போது கார்டு செருகியிருக்க வேண்டும். ஸ்விட்ச்சின் 'கிளவுட் வெர்ஷன்' என்றால் கேம் ஓடுவது எங்கோ இருக்கும் சர்வரில், நெட் போனால் ஆட்டமும் போச்சு. பிஎஸ்4 டிஸ்க்கை பிஎஸ்5 பதிப்பாக மாற்றித் தருகிற கேம்கள் உண்டு, ஆனால் டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ்5-இல் அந்த டிஸ்க்கை எங்கே போடுவது? கார்டு, டிஸ்க் விஷயமெல்லாம் பெரும்பாலும் அட்டையிலேயே எழுதியிருக்கும். கடைக்காரரிடம் கேம் பெயரை மட்டும் சொல்லாமல் கன்சோலின் முழு மாடல் பெயரையும் சொல்லுங்கள். முடிந்தால் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

அந்தப் பையனுக்கு வருவோம். புது பிஎஸ்5 வாங்க வேண்டுமோ என்று அவன் அப்பா கவலையோடு பார்த்தார். "வேண்டாம் சார். பிஎஸ்5-இல் பிஎஸ்4 டிஸ்க்கும் ஓடும். இவனோட ஃப்ரெண்ட் அதே கேமின் பழைய பிஎஸ்4 டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டால் ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாம்" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் இவன் போனை எடுத்துவிட்டான். "டேய், உன் பிஎஸ்5-ல டிஸ்க் போடுற இடம் இருக்கா பாரு!"