பாறுகளைக் கொன்ற ஊசியும் 30 மில்லி குப்பியும்

மாடு நொண்டினால், மடி வீங்கினால் வலிக்கு ஓர் ஊசி. 1990-களில் அந்த ஊசி டைக்ளோஃபினாக்காக மாறியது. மலிவு, சட்டென்று கேட்கும், மாட்டுக்கும் கெடுதல் இல்லை. ஊசி போட்ட கையோடு மாடு செத்து, அதைத் தின்னப் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், இறங்கினால்தான் வினை.

பறவைகள் உடம்பின் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. காக்கை எச்சத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான். டைக்ளோஃபினாக் பாறுவின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். போக வழியில்லாத யூரிக் அமிலம் ரத்தத்தில் ஏறி, ஈரல், இதயம் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோலப் படியும். சில நாளில் சாவு. பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்து லிண்ட்சே ஓக்ஸ் குழு இதை 2004-இல் வெளியிட்டது.

நூறு சடலங்களில் ஒன்றில்கூட இந்த மருந்து இருக்க வேண்டியதில்லை. அதற்கும் குறைவாக இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்கிறது கணக்கு. ஒரே சடலத்தில் டஜன் கணக்கில் பாறுகள் விழுந்து தின்னும். ஆனால் ஒரு ஜோடி ஆண்டுக்கு இடுவதோ ஒரே முட்டை. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் போய்விட்டன. தின்ன ஆளில்லாத சடலங்கள் தெருநாய்களுக்குப் போயின. வெறிநாய்க்கடி பயமும் கூடியது. இறந்தவர் உடலைப் பாறுகளுக்கு விட்டுவிடும் மும்பை பார்சிகளின் இறுதிச் சடங்கே சிக்கலானது.

2006-இல் கால்நடைகளுக்கு இந்த மருந்தை இந்தியா தடை செய்தது. சரி, முடிந்ததா? இல்லை. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் கடையில் இருந்தது, அதுவும் 30 மில்லி குப்பியில். மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். பெரிய குப்பி யாருக்கு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தின் ஓட்டை அந்தக் குப்பி வாயளவுதான். 2015-இல் அரசு மனிதருக்கான ஊசி மருந்தை 3 மில்லி ஒற்றைக் குப்பியாகச் சுருக்கியது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017-இல் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. நீலகிரி அடிவாரத்தில், மாயாற்றங்கரை நீர்மத்தி மரங்களில் இன்றும் பாறுகள் கூடு கட்டுவதால், வழக்கு இங்கே நடந்தது பொருத்தம்தான்.

பாறுகளுக்குத் தீங்கில்லாத வலிமருந்து மெலாக்சிகம் 2006-லேயே தெரிந்திருந்தது. இருந்தும் அசெக்ளோஃபினாக் போன்றவை விற்றுக்கொண்டிருந்தன. மாட்டின் உடலுக்குள் போனதும் அசெக்ளோஃபினாக் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது; பெயர்தான் வேறு. அதற்கும், பாறுகளைக் கொல்லும் இன்னொரு வலிமருந்தான கீட்டோப்ரோஃபெனுக்கும் தடை வந்தது 2023-இல்.