அரிதாரமா, பாஷாணமா? ‘ஆர்சனிக்’ படும் பாடு

விக்டோரியா காலத்துக் கொலைகாரி மேரி ஆன் காட்டனின் கதையை இசை நாடகமாக்கினால், ஏதோ ஒரு பாட்டில் அவள் வைத்த நஞ்சான ‘ஆர்சனிக்’ வந்தே தீரும். தமிழாக்குகிறவர் அங்கே ‘அரிதாரம்’ என்று போட்டால் கதையே கெட்டது.

இங்கிலாந்தின் டர்ஹாம் சிறையில் 1873 மார்ச் 24 அன்று காட்டன் தூக்கிலிடப்பட்டாள். தீர்ப்பானது ஒரே கொலைக்கு: கணவனின் மூத்த தாரத்துப் பிள்ளை, 7 வயது சார்லஸ் எட்வர்ட். சந்தேகமோ 21 பேர் வரை நீள்கிறது.

ஈரானிய மொழிகளில் ‘பொன்னிறம்’ என்று பொருள்படும் ‘சர்’ என்ற வேர், சிரியாக் என்ற பழைய மொழி வழியாகக் கிரேக்கத்துக்குப் போய் ‘ஆர்செனிகோன்’ ஆனது. கிரேக்கர் அதைத் தங்கள் மொழியின் ‘ஆண்’ என்ற சொல்லோடு முடிச்சுப் போட்டது பின்னால் வந்த ஒட்டுவேலை. அன்று அது குறித்தது மஞ்சள் கனிமம் ஒன்றை; அதாவது நம் அரிதாரத்தை. வடமொழி ‘ஹரிதாலம்’ தமிழில் அரிதாரமானது. அதிலுள்ள ‘ஹரி’யும் ஈரானிய ‘சர்’ரும் ஒரே மூல வேரின் கிளைகள். ஆக, ஆர்சனிக்கும் அரிதாரமும் பிறப்பால் உறவு.

அந்த மஞ்சளை அரைத்து முகத்தில் பூசியதால் ‘அரிதாரம் பூசுதல்’ வேடம் கட்டுவதற்கே பெயரானது. கதகளியில் இதை மனயோலா என்பார்கள். தேங்காய் எண்ணெயில் குழைத்து, அவுரி நீலம் சேர்த்தால் நாயகன் முகத்தின் பச்சை கிடைக்கும்.

ஆனால் காட்டன் வழக்கின் நஞ்சு வெள்ளைத் தூள், ஆர்சனிக் ஆக்சைடு. அரிதாரம் ஆர்சனிக் சல்பைடு. தண்ணீரில் கரையாது, தேநீரில் போட்டால் மஞ்சள் வண்டலாக அடியில் நிற்கும். வெள்ளைத் தூளுக்கோ ருசியில்லை, மாவோடு மாவாகக் கிடக்கும், சூடான பானத்தில் ஓரளவு கரையும். வாந்தி பேதியைப் பார்த்த மருத்துவர்கள் ‘இரைப்பைக் காய்ச்சல்’ என்று சான்று எழுதிவிடுவார்கள். இந்த வெள்ளைத் தூளுக்குத் தமிழில் வெள்ளைப் பாஷாணம் என்று பெயர். வடமொழியில் ‘பாஷாணம்’ வெறும் கல். தமிழ் மருத்துவத்தில் அது கனிம நஞ்சானது. சவ்வீரத்தை இங்கே இழுக்க வேண்டாம், அது பாதரசச் சேர்மம்.

நிறம்தான் சிக்கல் என்று பிரிட்டிஷ் அரசுக்கும் தெரிந்திருந்தது. 1851ஆம் ஆண்டு ஆர்சனிக் சட்டப்படி, சில்லறையில் விற்கும் ஒரு பவுண்டு தூளுக்குக் குறைந்தது ஒரு அவுன்ஸ் புகைக்கரி, அல்லது அரை அவுன்ஸ் அவுரி நீலம் கலக்க வேண்டும். வாங்குபவர் பெயரையும் ஏட்டில் பதிய வேண்டும். மூட்டைப்பூச்சிக்கு என்று சொல்லி சோப்போடு சேர்த்து வாங்குவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. காட்டன் வழக்கில் வந்ததும் அந்தச் சோப்பும் ஆர்சனிக்கும்தான். சுவரில் ஒட்டிய பச்சைக் காகிதச் சாயத்திலிருந்து நஞ்சு பரவியிருக்கலாம் என்று அவள் வழக்கறிஞர் வாதாடினார். அக்காலப் பச்சைச் சாயங்களில் ஆர்சனிக் உண்டு என்பதால் அது வெறும் சமாளிப்பும் அல்ல.

சோதனைக் காட்சி வைப்பவர்களுக்கு: ஆர்சனிக்கைக் கண்டறிய 1836இல் வெளியான மார்ஷ் சோதனையில், மாதிரியோடு துத்தநாகமும் கந்தக அமிலமும் சேர்ப்பார்கள். வெளிவரும் வாயுவைச் சுட்டால் கண்ணாடிக் குழாயில் பளபளக்கும் கருங்கறை படியும். துத்தநாகத்திலேயே ஆர்சனிக் இருந்தால் பொய்க்கறை விழும். அதனால் மாதிரி போடாமல் முதலில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். ஆன்டிமனி என்ற வேறொரு தனிமமும் இதேபோல் கறை தரும், ஆனால் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் அது கரையாது. ஆர்சனிக் கறை கரைந்துவிடும்.

பாத்திரத்துக்கேற்ப எழுதினால் குழப்பமில்லை. நீதிமன்றத்தில் வேதியியலார் ‘ஆர்சனிக்’ என்றே சொல்லட்டும். மருந்துக்கடைக்காரருக்கு ‘வெள்ளைப் பாஷாணம்’. கதவோரம் நின்று கிசுகிசுக்கும் அண்டைவீட்டுக்காரிக்கு ‘எலிப்பாஷாணம்’; இன்றைய எலி மருந்தில் சரக்கு வேறு என்றாலும் காதுக்கு அதுதான் சரி. அரிதாரத்தை ஒப்பனை அறையிலேயே விட்டுவிடுங்கள்.