ஸ்டோப்: தமிழில் அகழறை

நிலத்தடி உலோகச் சுரங்கத்தில் தாதுவை வெட்டி எடுக்கும் இடத்துக்கு ஸ்டோப் என்று பெயர். மேலிருந்து செங்குத்தாக இறங்கும் குழி ஷாஃப்ட். அதிலிருந்து ஒவ்வொரு மட்டத்திலும் கிடையாக ஓடும் பாதை டிரைவ். இவை பெரும்பாலும் ஆளும் வண்டியும் காற்றும் போய்வரத் தோண்டியவை. சுரங்கத்துக்கு வருமானம் தருவது ஸ்டோப்தான். தாது எடுத்தபின் மிஞ்சும் வெற்றிடத்துக்கும் அதே பெயர். சரிவைக் குறிக்கும் ஸ்லோப் என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும் என்பதால், மொழிபெயர்ப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

இந்தச் சொல் ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டில் பதிவாகியிருக்கிறது. படியைக் குறிக்கும் ஸ்டெப் என்ற சொல்லுக்கு உறவாக இருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. அந்தக் கால வேலைமுறையைப் பார்த்தால் அது பொருத்தமாகவே படுகிறது. தாது பெரும்பாலும் பாறைக்குள் செங்குத்தாகவோ சாய்வாகவோ மெல்லிய அடுக்காக நிற்கும். அதை வெட்டியவர்கள் வரிசையாக நின்று, ஒருவர் முன்னே வெட்ட, அடுத்தவர் சற்றுப் பின்னே வேறு உயரத்தில் வெட்டினார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெட்டுமுகம் படிக்கட்டாகத் தெரியும். சுத்தியலும் உளியும் மட்டும் இருந்த நாளில் கீழ்நோக்கி வெட்டுவது கைக்கு எளிது; சுத்தியல் அடியில் உடலின் எடையும் சேரும். ஆனால் உடைந்த கல்லையும் ஊறும் நீரையும் மேலே தூக்கியாக வேண்டும். இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள ஷெம்னிட்ஸ் சுரங்கத்தில் 1627இல் வெடிமருந்து வைத்துப் பாறையைப் பிளந்தார்கள். வெடிமருந்து பரவியபின், மேல்நோக்கி வெட்டி, உடைந்த தாதுவைத் தன் எடையாலேயே கீழே விழவிடுவது வசதியானது.

படி எப்போது அறையாக மாறியது? அமெரிக்காவின் நெவாடாவில் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கங்கள் இதற்கு நல்ல சான்று. அங்கே தாது மிக அகலமாகக் கிடந்தது. முட்டுக்கொடுக்க, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை எட்டும் மரம் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் பாறையின் சுமையைத் தாங்காது. 1860இல் பிலிப் டைடஷைமர் என்ற பொறியாளர், மரத்துண்டுகளைக் கனசதுரச் சட்டங்களாகப் பூட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகவும் பக்கம்பக்கமாகவும் அடுக்கும் முறையை உருவாக்கினார். வெற்றிடம் எவ்வளவு பெரிதானாலும் சட்டங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். படிகள் மறைந்த பிறகும் ஸ்டோப் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இன்றைய பெரிய திறந்த ஸ்டோப்புக்குள் ஆள் நுழைவதே இல்லை. மேல்மட்டத்திலிருந்தோ கீழ்மட்டத்திலிருந்தோ நீளமான துளைகள் இட்டு வெடிக்கிறார்கள். அடியில் குவிந்த தாதுவை, தொலைவிலிருந்து இயக்கும் ஏற்றுவண்டி அள்ளி வருகிறது. வெற்றிடத்தின் வடிவத்தை லேசர் கருவி அளந்து சொல்கிறது. எவ்வளவு பெரிய வெற்றிடத்தைத் திறக்கலாம், எத்தனை நாள் திறந்து வைக்கலாம் என்பதுதான் சுரங்கத்தின் மூத்த பொறியாளர் முன் நிற்கும் கேள்வி.

இதற்குக் கணக்கு உண்டு. 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் உயரமும் உள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். பரப்பு 600 சதுர மீட்டர். சுற்றளவு 100 மீட்டர். பரப்பைச் சுற்றளவால் வகுத்தால் 6 மீட்டர். இதை ஹைட்ராலிக் ரேடியஸ் என்கிறார்கள்; இது கூடக்கூடச் சுவர் சரியும் வாய்ப்பும் கூடும். நீளத்தை 60 மீட்டராக இரட்டித்தால் இந்த எண் 7.5 ஆகிறது, அவ்வளவுதான். உயரம் 20 மீட்டராகவே இருக்கும்வரை, நீளத்தை எவ்வளவு கூட்டினாலும் அது 10ஐ எட்டாது. ஆகவே சுவரின் குறுகிய பக்கம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பாறையின் தரம், அதன்மேல் உள்ள அழுத்தம், பிளவுகள் ஓடும் திசை ஆகியவற்றைச் சேர்த்து இன்னோர் எண்ணும் கணக்கிடுகிறார்கள். இரண்டையும் ஒரு வரைபடத்தில் குறித்தால் சுவர் நிற்குமா, சரியுமா என்று மதிப்பிடலாம். கனடாவில் மேத்யூஸ் குழுவினர் 1981இல் முன்வைத்த முறை இது. பின்னர் பலர் திருத்தியும் அடிப்படை அப்படியே இருக்கிறது.

சரிவு என்றால் பெரிய விபத்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாது 4 மீட்டர் அகலம், இரு பக்கமும் அரை மீட்டர் வெற்றுப்பாறை உதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 8 கிராம் தங்கம் இருந்த தாது 6.4 கிராமுக்கு இறங்கிவிடும். தங்கம் கூடவில்லை; அள்ளி, ஏற்றி, அரைக்க வேண்டிய கல் மட்டும் கால் பங்கு கூடிவிட்டது. நல்ல பொறியாளர் ஒவ்வொரு ஸ்டோப்பும் முடிந்ததும் லேசர் அளவைத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, அடுத்ததின் அளவைத் திருத்துவது இதனால்தான்.

தாது தீர்ந்ததும் வேலை முடிவதில்லை. பல சுரங்கங்களில் தாதுவை அரைக்கும் ஆலையின் கழிவுமண்ணைச் சிமென்டோடு குழைத்துக் குழாய்வழி இறக்கி வெற்றிடத்தை நிரப்புகிறார்கள். அடியில் தடுப்புச்சுவர் எழுப்பி, முதலில் சில மீட்டர் மட்டும் ஊற்றி, அது இறுகிய பிறகே மீதியை ஊற்றுவது வழக்கம். ஈரக்குழம்பு முழு உயரத்துக்கும் நின்றால் தடுப்புச்சுவர் உடைந்து, கீழே இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. பக்கத்து ஸ்டோப்பை வெடிக்கும்போது, இந்த நிரப்பு தன் கால்களில் தானே நிற்க வேண்டும்.

இத்தனையையும் தாங்கும் தமிழ்ச் சொல் எது? ‘சுரங்க அறை’ போதாது. பம்ப் இருப்பதும் வெடிமருந்து வைப்பதும்கூடச் சுரங்கத்தில் உள்ள அறைகள்தாம். ‘படிவெட்டு’ மூலச்சொல்லுக்கு நெருக்கமானது. ஆனால் இன்று படிப்படியாக வெட்டப்படுவது திறந்தவெளிச் சுரங்கம். வாசகர் மனம் அங்கே போய்விடும். ‘குடைவறை’ என்றால் மலையைக் குடைந்த குடைவரைக் கோயிலோடு குழம்பும். தவிர, குடைவரையில் நமக்கு வேண்டியது உள்ளே கிடைக்கும் இடம். ஸ்டோப்பில் வேண்டியது வெளியே போகும் தாது.

என் தேர்வு ‘அகழறை’. அகழ் என்பது தோண்டுவதைக் குறிக்கும் பழைய வினை. குறளில் இருக்கிறது, அகழியிலும் அகழாய்விலும் இன்றும் வாழ்கிறது. அறை என்பது வெற்றிடத்தைக் காட்டுகிறது. பழந்தமிழில் அறைக்குப் பாறை என்ற பொருளும் உண்டு என்பது இங்கே கூடுதல் பொருத்தம். திறந்த அகழறை, நிரப்பிய அகழறை, அகழறைச் சுவர் என்று கூட்டுச்சொற்களும் இயல்பாக வருகின்றன.

பாடநூலிலும் கட்டுரையிலும் அகழறை என்று எழுதலாம். முதல்முறை வரும் இடத்தில் ஸ்டோப் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும். சுரங்கத்துக்குள் வயர்லெஸ்ஸில் பேசும்போது மட்டும் அங்கே எல்லோரும் பழகிய பெயரையே சொல்ல வேண்டும். எந்த மட்டத்தில் எந்த ஸ்டோப் வெடிக்கப்போகிறது என்பதில் கேட்பவர் ஒருவருக்குக்கூட ஐயம் இருக்கக்கூடாது.