எந்தக் குழுவில் இருக்கலாம், எதிலிருந்து வெளியே வரலாம்

ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் தூக்கம், சாப்பாடு பற்றிக் கேட்ட கையோடு இப்போதெல்லாம் இன்னொன்றும் கேட்கிறேன்: "எத்தனை வாட்ஸப் குழுவில் இருக்கிறீர்கள்?" யாருக்கும் சட்டென்று பதில் வராது. போனை எடுத்து எண்ணத் தொடங்குவார்கள்.

கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எண்ணி முடித்து 31 என்றார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவர் மனைவிதான் அழைத்து வந்திருந்தார். "ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து யாருக்கோ பதில் எழுதுறாரு மேடம். பிரஷர் மாத்திரையைக் கூட்டியாச்சு" என்றார். பள்ளித் தோழர்கள் குழுவில் அரசியல் சண்டை. நாற்பது வருடப் பழக்கம் ஒரே வாரத்தில் முறிந்திருந்தது. "ஒருத்தன் தப்பான தகவலைப் போடுறான். பார்த்துட்டு எப்படிம்மா சும்மா இருக்கிறது?" என்று என்னிடமே கேட்டார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. முப்பது வருடமாக பில்லில் ஒரு ரூபாய் பிசகினாலும் திருப்பி அனுப்பிய மனிதர் அவர். தப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அந்தக் கைக்கு அலுவலகத்தில் வேலை இருந்தது, மரியாதையும் இருந்தது. குழுவில் அதே குணம் சண்டைக்காரர் என்ற பெயரை வாங்கித் தந்திருக்கிறது. இப்படிப்பட்டவரிடம் போனைத் தூக்கிப்போடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல இடம் ஒன்றைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் பார்ப்பது, அங்கே பேச்சைத் தவிர வேறு வேலை ஏதாவது நடக்கிறதா என்பதை. மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, எல்லோரும் படிக்கும்படி வைத்தார்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதை ஈபேர்ட் என்ற இணையதளத்தில் பதிகிறார்கள். இங்கெல்லாம் கருத்து வேறுபாடு வராமல் இல்லை, வருகிறது. ஆனால் நூலைப் புரட்டிப் பார்த்தோ, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோ தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. வெறும் பேச்சு மட்டும் உள்ள குழுவில் வழக்கைத் தீர்க்க எதுவும் இருப்பதில்லை, குரல்தான் உயர்கிறது.

அடுத்து, அங்கே இருப்பவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்ப்பேன். "நான் இப்படிச் செய்தேன், எனக்கு இப்படி ஆனது" என்கிறார்களா, "நீங்கள் இப்படிச் செய்யுங்கள்" என்கிறார்களா? 1935இல் அமெரிக்காவில் குடியை விட நினைத்த இருவர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இன்றுவரை தன் கதையைச் சொல்வதையே அடிப்படையாக வைத்திருக்கிறது. யாரும் யாருக்கும் வைத்தியம் பார்ப்பதில்லை. இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். மனநல மாத்திரையில் நன்றாகத் தேறிவந்த ஓர் இளைஞன், "மருந்தில்லாமல் குணம்" என்று பேசும் குழுவில் சேர்ந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினான். மூன்றே மாதத்தில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தக் குழுவில் அவனை யாரும் தேடவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிற குழுவிலிருந்து தயவுசெய்து அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். அங்கே எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் சரி.

ஆயிரம் பேர் என்பதும் ஒரு மயக்கம். இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாசிக்க மட்டுமே செய்கிறார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், மீதி ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுகிறார் என்று இணையதளங்களின் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு பொதுக்கணக்கு சொன்னார். அப்படிப் பார்த்தால் ஐந்நூறு பேர் குழுவில் "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்பது ஐந்து பேர் சொல்வதாக இருக்கலாம். சேர்ந்த பிறகு ஒரு மாதம் பேசாமல் வாசித்துப் பாருங்கள். வாசிக்க மட்டும் செய்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம், உங்களோடு தொண்ணூறு பேர் இருக்கிறார்கள்.

இளையவர்களுக்கு இருக்கும் பிரச்சினை வேறு. கல்லூரி மாணவி ஒருத்தி அழுதுகொண்டே காட்டினாள்: தோழிக்கு அனுப்பிய செய்தி, பக்கத்தில் இரண்டு நீல டிக், பதில் இல்லை. "பார்த்துட்டாக்கா, ஆனா பேசல." 2014 நவம்பருக்கு முன்னால் இந்த நீல டிக் கிடையாது. ஒரு நிறுவனம் சேர்த்த சின்ன அடையாளம் இன்று நட்பை அளக்கும் கோலாகிவிட்டது. அமைப்புகளில் அதை நிறுத்திவிடலாம். நிறுத்தினால் மற்றவர்கள் படித்தார்களா என்பதும் நமக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு அதுதான் பெரிய நிம்மதியாக இருந்தது. குழுக்களில் மட்டும் டிக் தெரியத்தான் செய்யும். கூடவே நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். நெருங்கிய நான்கு பேரிடம் அவள் நேரடியாகச் சொன்னாள்: "ராத்திரி ஒன்பதுக்கு மேல பதில் வராது, அவசரம்னா கூப்பிடு." நாலு பேரும் சரி என்றார்கள். அவர்களும் அதற்காகவே காத்திருந்தது போல!

வெளியேறத் தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 2022இலிருந்து வாட்ஸப் குழுவை விட்டுப் போனால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். சொந்தக்காரர் குழு என்று சங்கடமாக இருந்தால் மியூட் செய்துவிட்டு ஞாயிறன்று ஒருமுறை பாருங்கள், போதும்.

குட் மார்னிங் படங்களைப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அது "நான் இருக்கிறேன்" என்று சொல்லும் வழி. ஒருநாள் அது வரவில்லை என்றால் உடனே கூப்பிட்டுப் பாருங்கள்.

சரி, கருவூலக்காரருக்கு வருவோம். பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் எழுத்தாக்கி வைக்கும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தை அவருக்குக் காட்டினேன். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் பழைய நூலின் படம். கணினி படித்துத் தரும் எழுத்தில் 'ர' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் வந்திருக்கும், துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' வந்திருக்கும். படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்த பிறகே பச்சையாகும். தமிழ்த் தட்டச்சு பழக அவருக்கு ஒரு மாதம் ஆனது, பேரன்தான் சொல்லிக்கொடுத்தான். பள்ளித் தோழர்கள் குழு இன்னும் போனில் இருக்கிறது, மியூட்டில்.

போன முறை வந்தபோது ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். அவர் மஞ்சளாக்கிய பக்கத்தில் ஒரு துணைக்காலைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார், யாரோ அதைத் திருத்திப் பச்சையாக்கியிருக்கிறார்கள். "என் தப்பைக் கண்டுபிடிச்சிருக்காங்கம்மா. யாருன்னே தெரியலை" என்றார். திருத்தியவருக்கு நன்றி எழுத எங்கே போக வேண்டும் என்று கேட்டார். பேச்சுப் பக்கத்தைக் காட்டினேன். அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். அடுத்து வந்தவர் வெளியே கொஞ்சம் காத்திருந்தார்.