அவதார்: எங்கேர்ந்து வந்த சொல், தமிழ்ல என்னன்னு சொல்றது?

கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு மகளிர் குழுவுக்கு வெப் ஆப் செஞ்சி குடுத்தேன். பேருக்குப் பக்கத்துல படத்தோட ஒரு சின்ன வட்டம் வரும்ல, அதுக்குக் கீழ "அவதாரை மாற்று"ன்னு பட்டன் வச்சிருந்தேன். அதப் பாத்துட்டு ஒரு அக்கா "சாமி படம் வைக்கணுமா தம்பி?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி, அவங்களுக்கு அவதாரம்னா ஸ்ரீமுஷ்ணம் பூவராகர்தான்.

சொல் சமஸ்கிருதம். அவ-ன்னா கீழ, த்ரு-ன்னா கடக்குறது, சேத்தா இறங்கி வர்றது. பதினெட்டாம் நூற்றாண்டு கடைசியில இங்கிலீஷுக்குப் போச்சு, 1985-ல அல்டிமா 4 கேம்லயும், அடுத்த வருஷம் லூகாஸ்ஃபிலிமோட ஹேபிடட்ன்ற ஆன்லைன் கேம்லயும் ஆடுறவரோட உருவத்த அவதார்னு சொன்னாங்க. ஆள் நாற்காலியில உக்காந்திருக்காரு, அவரோட உருவம் திரைக்குள்ள இறங்குது, பொருள் கச்சிதமா பொருந்துது. அப்புறம்தான் அது ப்ரொஃபைல் போட்டோவுக்கும் பேரா ஒட்டிக்கிச்சு. பிரெஞ்சுல இதே சொல்லுக்கு உருமாற்றம்னு பொருள் வந்து, பேச்சுல வில்லங்கம், சோதனைன்ற வரைக்கும் போயிடுச்சு, அதனால பாண்டியில பிரெஞ்சு படிச்ச ஒருத்தர்கிட்ட இந்தச் சொல்ல சொன்னா அவருக்கு மனசுல வேற ஒண்ணு வரலாம்.

சரி, தமிழ்ல? சுயவிவரப் படம் சரியான சொல்தான், ஆனா போன் பட்டன்ல அடங்காது. முகப்படம்னு வைக்கலாம்னு பாத்தா பாதிப் பேரு டிபி-யில பேரப்புள்ளைய வைக்கிறாங்க, முருகர வைக்கிறாங்க, தாமரைய வைக்கிறாங்க, அவங்க முகமே அதுல இல்ல. அதனால நான் உருப்படம்னு வச்சேன். கேம்ல ஓடுற பொம்மைக்கு உருவாரம் இன்னும் நல்லாருக்கும், நேர்த்திக்கடனுக்கு மண்ணுல செஞ்சி கோயில்ல வைக்கிறோமே அந்த உருவாரம்தான், ஆளுக்குப் பதிலா அங்க நிக்கிறது.

படமே வைக்காதவங்களுக்கு பேரோட முதல் எழுத்து வரும். இங்கதான் எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. கோமதி, கிருஷ்ணவேணி, கௌரி, கலா நாலு பேருக்கும் வட்டத்துல வெறும் "க". காரணம், கம்ப்யூட்டர்ல எழுத்துகளுக்கு எண் குடுக்குற யூனிகோடு முறையில "கோ" ஒரே எழுத்து இல்ல, க தனி, ஓகாரக் குறி தனி, ஆப் எழுதுற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில முதல் எழுத்த எடுன்னு சாதாரணமா சொன்னா குறிய விட்டுட்டு க-வ மட்டும் பிச்சி எடுத்துரும். அதே மொழியில Intl.Segmenter-னு ஒரு வசதி இருக்கு, அது தமிழ் எழுத்த முழுசா வெட்டிக் குடுக்கும், அதப் போட்டதும் கோ, கி, கௌ, க-ன்னு தனித்தனியா வந்துச்சு. இன்னொண்ணு, நம்மூர்ல இனிஷியல் முன்னாடி வரும், "மு. கோமதி"ன்னு பதிஞ்சா வட்டத்துல அப்பா எழுத்துதான் நிக்கும், அதனால புள்ளிக்கு முன்னாடி உள்ளத தள்ளிட்டுதான் எடுக்கணும்.

கண்ணு தெரியாதவங்களுக்கு போன் படிச்சி சொல்லும்ல, படத்துக்கு விளக்கமா எழுதுற அந்த ஆல்ட் எழுத்துலயும் "அவதார்"னு விட்டுடாதீங்க, "கோமதியின் உருப்படம்"னு எழுதுங்க.