பெட்பேன் கேட்கக் கூசும் நோயாளி

எலும்பு முறிவு வார்டில் டியூட்டி பார்த்தவர்களுக்கு இந்த நோயாளியைத் தெரிந்திருக்கும். இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கும் வயதான அம்மா. இட்லியைக் கொறிப்பார், தண்ணீரைத் தொடமாட்டார். கேட்டால் "தாகமே இல்ல சிஸ்டர்" என்பார். நாமும் போகும்போதும் வரும்போதும் "தண்ணி குடிங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

தாகம் இல்லாமல் என்ன? படுக்கையிலேயே மலம், சிறுநீர் கழிக்க வைக்கும் பாத்திரமான பெட்பேனைக் கேட்கத்தான் கூச்சம். துணைக்கு இருப்பது மகன், பக்கத்துக் கட்டிலைச் சுற்றி யார் யாரோ ஆண்கள். குடித்தால்தானே போகவேண்டும் என்று வாயைக் கட்டிக்கொள்கிறார். விளைவு மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்கு அதோடு குழப்பமும் சேர்ந்துகொண்டால், ராத்திரியில் இல்லாத ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இதற்கு மருந்து, ஒரு மறைப்புத் திரையும் சரியான நேரமும்தான். மகன் டீ குடிக்கப் போனதும் திரையை இழுத்துவிட்டுப் பெட்பேனோடு போய் நிற்பேன். "வேணுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். பார்வையாளர் நேரத்துக்கு முன்னால் இன்னொரு முறை. ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் விவரம் ஒப்படைக்கும் ஹேண்டோவரில் ஒரு வரி: "கூச்சப்படுகிறார், மகன் இல்லாதபோது போங்கள்." அந்த ஒரு வரி விடுபட்டால் அடுத்த ஷிப்டில் மறுபடி தண்ணீர் நின்றுவிடும்.

நர்சிங் படிக்கும்போது "உங்கள் செவிலியத் தத்துவம்" என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். கருணை, அர்ப்பணிப்பு, முழுமையான பராமரிப்பு என்று பக்கம் நிறையும். எனக்குப் பிடித்தது அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹெண்டர்சன் சொன்னது: தெம்பும் மனமும் விவரமும் இருந்தால் நோயாளி தானே செய்துகொள்ளும் காரியங்களுக்குக் கைகொடுப்பது, கூடிய சீக்கிரம் அவரே செய்துகொள்ளும்படி ஆக்குவது. அவர் வகுத்த 14 அடிப்படைத் தேவைகளில் மூச்சு, சாப்பாடு, கழிவு எல்லாம் இருக்கும் அதே பட்டியலில்தான் வழிபாடும் வருகிறது. உடம்பு ஒரு கணக்கு, மனசு ஒரு கணக்கு என்று அவர் பிரித்து வைக்கவில்லை.

அப்படிப் பிரிக்காத இன்னொருவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாகத் தொடங்கி, மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்து, அப்புறம் டாக்டரானவர். 1967இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். சாகும் தறுவாயில் இருப்பவரின் வலியில் உடல், மனம், குடும்பம், நம்பிக்கை நான்கும் கலந்திருக்கும் என்றார். கடும் வலிக்கான மருந்தான மார்ஃபின் கொடுக்கவும் அவர் தயங்கவில்லை. வேளை தவறாமல் கொடுக்கச் சொன்னார். "முழுமையான பராமரிப்பு" என்றதும் ஊசி மருந்தை ஏதோ மட்டமாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறை இல்லையா? இருக்கிறது. நைட் டியூட்டியில் ஒருத்தியாக வார்டு முழுவதும் ஓடும்போது தத்துவமாவது ஒன்றாவது என்று தோன்றும். அதனால்தான் வீட்டு ஆட்களையும் கேட்கிறேன். அம்மாவுக்கு எந்தக் காது கேட்கும், எந்த வேளையில் வெளிக்குப் போவார், யார் இருந்தால் கூச்சப்படுவார் என்பதை அட்மிஷன் அன்றே சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் பகலில் சில மணி நேரமாவது மகளோ மருமகளோ பக்கத்தில் இருக்கட்டும்.