ரம்பம் திணறினால் மோட்டாரைக் குறை சொல்லும் முன்

மின்கருவிகளைப் பழுது பார்க்கும் எங்கள் பட்டறைக்குத் தச்சர்கள் கொண்டுவரும் கை வட்ட ரம்பங்களில் பெரும்பாலானவை, "மோட்டார் போய்விட்டது" என்ற புகாருடன்தான் வருகின்றன. பிரித்துப் பார்த்தால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள் பகுதி) கருகியிருப்பது உண்மைதான். ஆனால் அது கடைசியாக நேர்ந்த விளைவு. கோளாறு தொடங்கிய இடம் அநேகமாகப் பிளேடாக இருக்கும். மழுங்கிய பிளேடு மரத்தை அறுப்பதை விட்டுத் தேய்க்கத் தொடங்குகிறது. வேகம் குறைந்ததும் தச்சர் இன்னும் அழுத்துகிறார். அப்போது மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. அதே தண்டில் உள்ள விசிறியும் மெதுவாகச் சுழல்வதால், மிகுதியாகச் சூடேறும் நேரத்திலேயே அதற்குக் காற்று குறைந்துபோகிறது.

ஆகவே ரம்பம் திணறினாலோ, அறுத்த விளிம்பு கருகினாலோ, சுவிட்சை அணைத்தது போதும் என்று இருந்துவிடாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேடைக் கழற்றிப் பாருங்கள். பற்களில் பிசின் கறுத்து ஒட்டியிருந்தால், சோப்புக் கரைத்த வெந்நீரில் சற்று நேரம் ஊறவைத்துப் பழைய பிரஷால் தேய்த்து, ஈரமின்றித் துடைத்தாலே பல பிளேடுகள் மறுபடி நன்றாக அறுக்கும். பழைய வீட்டு மரத்தில் ஆணி பட்டு, பல் நுனியில் பதித்துள்ள கடினமான கார்பைடு முனை தெறித்திருந்தால் அந்தப் பிளேடை மாட்டவே கூடாது. பற்களின் எண்ணிக்கையும் முக்கியம்: தேக்குப் பலகையை நீளவாக்கில் அறுக்க 7 அங்குலப் பிளேடில் 24 பற்கள் போதும், அதற்கு 60 பல் பிளேடைப் போட்டால் தூள் வெளியேற இடமின்றி மரம் கருகும். மைக்கா ஒட்டிய பிளைவுட்டுக்கோ அந்த 60 பல் பிளேடுதான் வேண்டும். கை ரம்பத்தின் பற்கள் கீழிருந்து மேலாக அறுப்பதால், மைக்கா முகத்தைக் கீழே வைத்து அறுத்தால் விளிம்பு சிதறாது.

அறுக்கும்போது ரம்பம் திடீரென்று ஆளை நோக்கி எகிறுவதைப் பலரும் இயந்திரக் கோளாறு என்றே எண்ணுகிறார்கள். உண்மையில் பலகையின் இரு முனைகளுக்கு மட்டும் தாங்கல் கொடுத்து நடுவில் அறுக்கும்போது, இரண்டு பாதியும் உள்நோக்கித் தொய்ந்து பிளேடை நெரிக்கின்றன. நெரிபட்ட பிளேடு ரம்பத்தையே பின்னால் உதைத்துத் தள்ளுகிறது. அறுக்கும் கோட்டுக்கு அருகில் இருபுறமும் தாங்கல் கொடுங்கள். பிளேடு மரத்துக்கு அடியில் கால் அங்குலத்துக்கு மேல் நீண்டிருக்க வேண்டாம். ஈர மரத்தை நீளவாக்கில் அறுத்தால், சிறிது தூரம் சென்றதும் ரம்பத்தை நிறுத்திவிட்டுப் பிளவில் ஆப்பு வையுங்கள். (ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சொன்னவர்களுக்கு அறுத்த மரம் மூடிக்கொள்ளும் என்பது தெரிந்திருந்தது.)

இந்த இடத்தில்தான் பிளேடின் அடிப்பகுதியைத் தானாக வந்து மூடும் கீழ் மூடி உயிரைக் காக்கிறது. தூளும் பிசினும் அடைத்து அது மெதுவாக மூடத் தொடங்கியதும், சுத்தம் செய்வதை விட்டுவிட்டுக் கம்பியால் மேலே கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டிய ரம்பத்தைத் தரையில் வைத்தால், சுவிட்சை விட்ட பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் பிளேடு காலை நோக்கி ஓடும். கல் அறுக்கும் 4 அங்குல மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டி வேலை செய்வது இதைவிட மோசம்: 7 அங்குல ரம்பம் நிமிடத்துக்குச் சுமார் 5,000 சுற்று சுழல, அது 12,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது, தானாக மூடும் கீழ் மூடியும் அதில் இல்லை. மலிவு என்பதற்காக இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்சாரப் பக்கம் பார்த்தால், 1,400 வாட் ரம்பம் 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்கும் சற்று அதிகமாக இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் நாள் முழுதும் ஓட்டினால் பிளக் உருகுவதில் வியப்பில்லை. நீட்டிப்பு வயரைச் சுருட்டியபடியே பயன்படுத்தினாலும் சூடேறும்.

விட்டுவிட்டு ஓடும் ரம்பத்தில், சுழலும் ஆர்மேச்சருக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அதில் குறித்துள்ள எல்லைக்கோட்டை எட்டியதும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய பிரஷ் படியும்வரை சிறு நீலப்பொறி தெரிவது இயல்பு. மாற்றிய பிறகும் பிரஷ் உரசும் காப்பர் வளையத்தைச் சுற்றித் தீ ஓடினால், மேலும் ஓட்டிப் பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். ஆர்மேச்சரின் கோளாறு அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் பீல்டு காயிலுக்கும் பரவுவதற்குள் தடுத்துவிடலாம்.